சீரியல் கன்சோலில் யாரும் தட்டாத எழுத்துகள்: எந்த வைத்தியம் எங்கே பொருந்தும்?

ராஸ்ப்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினிப் போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும், லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரான யூ-பூட் வருகிறது. ஏதாவது விசையைத் தட்டினால் நிற்கிறேன் என்று இரண்டு விநாடி எண்ணுகிறது. யாரும் தட்டவில்லை, ஆனாலும் சீரியல் லைனில் ஏதோ எழுத்து வந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடுகிறது. லினக்ஸ் ஏறவே இல்லை. மானிட்டர் இல்லாமல் எங்கோ ஒரு பெட்டிக்குள் இருக்கும் போர்டு என்றால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது செத்த போர்டுதான். காரணம் பார்க்க சீரியல் கேபிளை மாட்டினால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கேபிள் மாட்டியதே மருந்தாகிவிட்டது, அதனால்தான் இந்தக் கோளாறு இத்தனை பேரை அலைக்கழிக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் நான்கைந்து உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். அது சரியில்லை, ஒவ்வொன்றும் அடைக்கிற ஓட்டை வேறு.

முதலில், வருவது எந்த மாதிரி எழுத்து என்று பாருங்கள். சீரியல் லைன் சும்மா இருக்கும்போது உயர் நிலையில், அதாவது 3.3 வோல்ட்டில் நிற்க வேண்டும். அது கீழே இறங்கினால் ஒரு எழுத்து தொடங்குகிறது என்று பொருள். விநாடிக்கு 115200 பிட் என்ற வேகத்தில் ஒரு பிட் 8.7 மைக்ரோ விநாடிதான். எங்கும் இணைக்காத ஆர்எக்ஸ் (எழுத்தை வாங்கும்) பின்னில் அவ்வளவு நேரம் ஒரு சின்ன இரைச்சல் இறங்கி ஏறினால், சிப் அதை ஸ்டார்ட் பிட் என்று எடுத்துக்கொண்டு மீதி எட்டு பிட்டையும் ‘1’ என்றே படிக்கும். கிடைப்பது 255 என்ற பைட். திரையில் அது பெரும்பாலும் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஒய் எழுத்தாகத் தெரியும். மாறாக லைன் கீழேயே கிடந்தால் பூஜ்ய பைட்டும் பிரேக் சிக்னலும் வரும். போர்டு அனுப்பிய வரிகளே அதற்குத் திரும்பி வந்தால் அது எதிரொலி. ‘ஏடி’ என்று தொடங்கும் கட்டளைகள் வந்தால் போர்டின் மேல் தப்பே இல்லை. உங்கள் லேப்டாப்பில் ஓடும் மோடம் மேனேஜர், மாட்டிய யூஎஸ்பி-சீரியல் அடாப்டரை மோடம் என்று நினைத்துப் பேசிப் பார்க்கிறது. அந்த அடாப்டரை விட்டுவிடச் சொல்லி லேப்டாப்பில் ஒரு யூடெவ் (லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் சேவை) விதி எழுதினால் முடிந்தது. லினக்ஸ் ஏறிய பிறகு வரும் தொல்லை என்றால் ப்ராக் கோப்பகத்தில் டிடிஒய், டிரைவர் என்று உள்ளே போய் சீரியல் போர்ட்டின் கணக்கைப் பாருங்கள். கேபிளே இல்லாதபோது ஆர்எக்ஸ் எண்ணிக்கையும் ஃப்ரேமிங் பிழையும் (எழுத்தின் முடிவு சரியாக அமையாத பிழை) ஏறிக்கொண்டே போனால் இரைச்சல் என்று முடிவு கட்டலாம்.

வெளியே ஒரு மின்தடை (ரெசிஸ்டர்), அல்லது சிப்புக்குள் இருப்பது

ஆர்எக்ஸ் பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோஓம் மின்தடை, சும்மா இருக்கும் லைனை உயர் நிலையில் பிடித்து வைக்க. என் முதல் ஓட்டு இதற்குத்தான். அடாப்டர் லைனைக் கீழே இழுக்கும்போது ஓடுவது 0.33 மில்லி ஆம்பியர், எந்த அடாப்டரும் அதைத் தாங்கும். மின்சாரம் வந்த நொடியிலிருந்தே வேலை செய்யும். ஃபர்ம்வேர், யூ-பூட், லினக்ஸ் எதன் தயவும் வேண்டாம்.

சிப்புக்குள் இருக்கும் புல்-அப்பை (லைனை மேலே இழுக்கும் மின்தடையை) இயக்குவது இதன் போட்டியாளர். சால்டரிங் அயர்னைத் தொட வேண்டாம் என்பது அதன் பெரிய வசதி. ராஸ்ப்பெர்ரி பையில் ஆர்எக்ஸ் என்பது 15-ஆம் ஜிபிஐஓ (பொதுப் பயன் பின்), ஹெடரில் 10-ஆம் பின். ரீசெட் ஆனதும் 9 முதல் 27 வரையிலான ஜிபிஐஓக்களை சிப் கீழே இழுத்துத்தான் வைக்கும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். கான்ஃபிக் கோப்பில் 15-க்கு புல்-அப் என்று ஒரு வரி போட்டால் ஃபர்ம்வேர் அதைத் திருத்திவிடும், யூ-பூட் தொடங்குவதற்கு முன்பே. ஆனால் இது சுமார் 50 கிலோஓம்தான். மோட்டார், ரிலே பக்கத்தில் நீளமான ஒயர் தொங்கினால் போதாது. யூ-பூட்டின் டிவைஸ் ட்ரீ (வன்பொருள் விவரக் கோப்பு) அந்தப் பின்னை வேறுவிதமாக மாற்றி எழுதினாலும் போச்சு. மேஜை மேல் இருக்கும் போர்டுக்கு உள் புல்-அப் போதும். களத்துக்குப் போகிற போர்டுக்கு வெளி மின்தடைதான்.

வெளி மின்தடையும் தோற்கிற ஒரு இடம் உண்டு. அடாப்டர் போர்டில் மாட்டியபடியே இருக்க, அதன் யூஎஸ்பி முனையைக் கணினியிலிருந்து பிடுங்கிவிட்டால், உயிரில்லாத அந்த அடாப்டரின் பாதுகாப்பு டயோடுகள் வழியாக லைன் கீழே இறங்கிவிடும். 10 கிலோஓம் அதோடு மல்லுக்கட்டி ஜெயிக்காது. ஒயரைப் போர்டு பக்கத்தில் கழற்றுங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு பஃபர் சிப் வையுங்கள்.

ஒன்பது பின் கொண்ட அசல் ஆர்எஸ்-232 போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ரிசீவர் சிப்புக்குள்ளேயே கிரவுண்டுக்கு சுமார் 5 கிலோஓம் இருக்கிறது. உள்ளீடு திறந்து கிடந்தாலும் சும்மா இருக்கிறது என்றே அது சொல்லும். நீள கேபிளின் மறுமுனை திறந்து கிடக்கும்போது டிஎக்ஸ் (அனுப்பும்) ஒயரிலிருந்து ஆர்எக்ஸுக்குக் கசியும் எதிரொலிதான் அங்கே கவனிக்க வேண்டியது.

பூட்லோடரில் தடுப்பது

யூ-பூட்டில் பூட் டிலே (எத்தனை விநாடி காத்திருப்பது என்ற) மதிப்பைப் பூஜ்யமாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பூஜ்யம் என்றால் காத்திருக்காது, ஆனால் அந்த நேரத்தில் எழுத்து ஏதும் வந்து கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கும். இரைச்சலுக்கு அதுவே வாசல். மைனஸ் 2 போட்டால் பார்க்கவே பார்க்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாளை கெர்னல் கெட்டுப்போனால் யூ-பூட்டுக்குள் நுழைய உங்களுக்கும் வழி இல்லை. மைனஸ் 1-உம் இதுவும் ஒன்று என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், மைனஸ் 1 என்றால் தானாக பூட் ஆவதே நின்றுவிடும்.

இதைவிட நல்ல வழி நிறுத்தச் சொல். ‘ஆட்டோபூட் கீடு’ என்ற அமைப்பை இயக்கி, குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தட்டினால் மட்டும் நிற்கும்படி யூ-பூட்டைக் கம்பைல் செய்வது. இரைச்சல் ஆயிரம் பைட் அனுப்பட்டும், அந்தச் சொல் தற்செயலாக அமையாது. விலை என்னவென்றால், யூ-பூட்டை நீங்களே கம்பைல் செய்ய வேண்டும், அந்தச் சொல்லை அடுத்து வருபவருக்கும் எழுதி வைக்க வேண்டும். கையில் எடுக்க முடியாத தூரத்தில் இருக்கும் சாதனத்துக்கு, மின்தடையோடு சேர்த்து இதையும் செய்யத்தான் சொல்வேன்.

லாகினை மூடுவது

லினக்ஸ் பக்கம் சீரியல் லாகினைத் தரும் கெட்டி சேவையை மூடிவிடுவது பலர் முதலில் கையில் எடுப்பது. எனக்கு இது கடைசி. லாகின் தோல்விப் பதிவுகள் குவிவது நிற்கும், அனுப்பியதே திரும்பி வர லாகின் அதற்கும் பதில் சொல்லும் எதிரொலி வளையமும் அறுபடும். ஆனால் யூ-பூட் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதோடு நெட்வொர்க் போன நேரத்தில் உள்ளே போக இருந்த ஒரே கதவை நீங்களே பூட்டுகிறீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் டிசேபிள் போதாது, மாஸ்க் (எதுவும் அதைத் தொடங்க முடியாதபடி அடைப்பது) செய்ய வேண்டும். கெர்னல் கன்சோல் அந்த போர்ட்டில் இருக்கும் வரை லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி ஒவ்வொரு பூட்டிலும் கெட்டியைத் தானாகக் கிளப்பிவிடும். கெர்னல் செய்திகள் மட்டும் அதன் பிறகும் வெளியே வந்துகொண்டிருக்கும்.

கெட்டி மூடியிருந்தாலும் மேஜிக் சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை இடும் வசதி) திறந்திருக்கலாம். கன்சோலாக இருக்கும் போர்ட்டில் ஒரு பிரேக் வந்து, அடுத்த ஐந்து விநாடிக்குள் ‘பி’ (b) என்ற எழுத்து வந்தால், கோப்புகளைச் சேமிக்காமல் உடனே ரீபூட். உயிரில்லாத அடாப்டர் தருவது சரியாக அந்த பிரேக்தான். இந்த வசதிக்கு உபுண்டு வழக்கமாக வைக்கும் 176 என்ற மதிப்பு ரீபூட்டை அனுமதிக்கிறது. காரணம் தெரியாமல் ரீபூட் ஆகும் சாதனம் இருந்தால், மின்தடை வைத்த கையோடு கெர்னலின் சிஸ்ஆர்க்யூ மதிப்பையும் பூஜ்யமாக்கிவிடுங்கள். கெட்டி அப்படியே ஓடட்டும்.