1,85,000 ரூபாய்க்கு ஒரு மேசி 1035: பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்க

இன்று மதியம் மெக்கானிக் எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் நட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர். ஒரு சொம்பு இருக்கும். அதற்குப் பின்னால்தான் பால் விட்ட காபி மாதிரி ஆயில் கொழகொழவென்று இறங்கியது. மனுஷர் ஒன்றும் பேசவில்லை, ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். வண்டி வீட்டுக்கு வந்து 19 நாள்தான் ஆகிறது. 1,85,000 ரூபாய். கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் வாங்கினேன் என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள். பெயர் போடாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பழைய பொருள் வாங்கி விற்கும் செயலி ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். ஹைவே ஓரம் தகரக் கொட்டகை போட்டுப் பழைய டிராக்டர் விற்கும் யார்டு. இவ்வளவுதான் சொல்ல முடியும்.

எனக்கு தேவகோட்டைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நாலரை ஏக்கர். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம். அதற்குப் புது வண்டி எடுத்தால் தவணை கட்டியே சாக வேண்டும், அதனால் பழசு தேடினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டும் இல்லை. எங்கள் அப்பா புதுவயலில் ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டில் மேசி 1035 ஓட்டினார். சென்னை டாஃபே கம்பெனியில் செய்த வண்டி, மூணு சிலிண்டர் சிம்சன் எஞ்சின், அந்தச் சத்தம் தெரு முனையில் கேட்டாலே அப்பத்தா உலை வைக்கும். மட்கார்டில் உட்கார்ந்து போன பையன் நான். விளம்பரத்தில் '1988 மாடல் 1035, ஒரே ஓனர், பக்கா கண்டிஷன்' என்று பார்த்ததும் புத்தி அங்கேயே போய்விட்டது.

யார்டுக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு. நான் போனபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் தம்பி, காலையிலேயே கழுவி ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டேன்" என்றார். என்ன கவனிப்பு என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். சூடான எஞ்சின் எப்படிப்பட்ட நோயையும் மறைத்துவிடும், குளிர்ந்து கிடக்கும்போது முதல் ஸ்டார்ட்டில்தான் அதன் யோக்கியதை தெரியும் என்று இன்றைக்குச் சொல்கிறார் எங்கள் மெக்கானிக். அன்றைக்கே அவரைக் கூட்டிப் போயிருந்தால் ஐந்நூறு ரூபாயோடு முடிந்திருக்கும்.

பெயின்ட் புதுசு, பளபளவென்று சிவப்பு. ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை எடுத்துக் காட்டினார், ஆயில் தேன் மாதிரி இருந்தது. "நேத்துத்தான் மாத்துனேன், ஒரு சீசனுக்கு நீங்க தொடவே வேணாம்." பின்னால் கலப்பையைத் தூக்கும் லிஃப்டை ஏற்றி இறக்கிக் காட்டினார், கலப்பை மாட்டாமல். கொட்டகையைச் சுற்றி என்னையே ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். கண் கலங்கிவிட்டது, அதை அவர் பார்த்துவிட்டார்.

ஆனால் நான் விழுந்த இடம் அது இல்லை. பாக்கெட்டிலிருந்து அட்வான்ஸ் 5,000 எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. என் கையை மடக்கி, "காசு எங்க தம்பி ஓடிப் போகுது? வீட்டுக்குப் போங்க, வீட்டம்மாகிட்ட கேளுங்க, நாலு பேர்கிட்ட விசாரிங்க, மனசுக்குப் பிடிச்சா வாங்க" என்றார். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஸ்டாப் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டார். ஏமாற்றுகிறவன் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பானா? அன்று இரவு என் மனைவியிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். விசாரிக்கவும் இல்லை, யாரையும் கூட்டிப் போகவும் இல்லை. மூன்றாம் நாள் 1,60,000 ரொக்கமாகவும் 25,000 போனிலும் கொடுத்தேன். பில் கேட்டதற்கு "நமக்குள்ள என்ன தம்பி" என்று வெள்ளைத்தாளில் 'பெற்றுக்கொண்டேன்' என எழுதிக் கொடுத்தார், தொகை போடாமல். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், அறிவு கெட்டவன்.

முதல் நாள் ஒன்பது கொத்து கலப்பை மாட்டி வயலில் விட்டேன். அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. ஆயில் சூடானதும் வரப்பு ஓரம் திரும்பும்போது கலப்பையைத் தூக்கினால் ஏறாமல் உதறுகிறது, ஏறினாலும் தானாக இறங்குகிறது. இந்த வண்டியில் லிஃப்ட் பம்ப் வெளியே இல்லை, உள்ளே ஹவுசிங்குக்குள் ஆயிலில் முங்கிக் கிடக்கும், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுதான் அதை ஓட்டும். மேலே லிஃப்ட் கவரைத் தூக்காமல் கையே வைக்க முடியாது. போன் போட்டேன். "ஆயில் மட்டம் பாருங்க தம்பி." பார்த்தேன், சரியாக இருந்தது. "அப்ப ரெண்டு நாள் ஓட்டுங்க, பழகிரும்." டிராக்டர் என்ன வாங்கி வந்த மாடா, பழகுவதற்கு?

ஐந்தாம் நாளில் இருந்து காலையில் வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, கீழே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கூட யோசிக்காமல் நான் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். "மெக்கானிக்க அனுப்புறேன்" என்று நாலு முறை சொன்னார், ஒருவரும் வரவில்லை. அப்புறம் போனை எடுப்பது பையன், "அப்பா கோயிலுக்குப் போயிருக்காங்க." மறுநாள் "கல்யாணத்துக்குப் போயிருக்காங்க." நேரில் பஸ் பிடித்துப் போனேன். அன்றைக்கு டீ இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "முப்பத்தஞ்சு வருஷத்து வண்டி தம்பி, புதுசு மாதிரி ஓடணும்னா ஷோரூம் போயிருக்கணும்." சரி, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், 20,000 குறைத்துக்கூடக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அப்போதுதான் "இது என் வண்டியே இல்ல, நான் நடுவுல பேசி விட்டவன்" என்றார். என் 1,85,000-ஐ எண்ணி வாங்கிய அதே வாய். செயலிக்குப் புகார் அனுப்பினேன். 'நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் தளம் மட்டுமே' என்று மூன்று வரியில் பதில், கீழே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு வேண்டுகோள் வேறு.

இனிமேல்தான் பேப்பர் கதை. 29, 30 இரண்டு படிவமும் கையெழுத்தோடு கொடுத்திருந்தார், ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால் பேர் மாறிவிடும் என்று. அங்கே போனால் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பித்தே பல வருஷம் ஆகிறது. 15 வருஷம் முடிந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், யாரும் காட்டவில்லை. அதில் கூட்டுறவு வங்கிக் கடன் பதிவு அப்படியே நிற்கிறது. அதை எடுக்க வங்கியின் கடிதமும் 35-ஆம் படிவமும் வேண்டும். சரி, ஓனரையே பார்ப்போம் என்று கல்லல் பக்கம் அந்த விலாசத்துக்குப் போனேன். திண்ணையில் ஒரு ஆத்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. ஐயா இருக்காங்களா என்றேன். "அவுக போயி ஆறு வருசமாச்சே அப்பு, நீ யாரு?" என்றது.

உயிரோடு இருக்கும்போது வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு யாருக்கோ விற்றிருக்கிறார். அவன் பேர் மாற்றாமல் இன்னொருத்தனுக்கு, அவன் யார்டுக்கு. யாருமே பேர் மாற்றாததால் ஆர்.சி.யில் 'ஒரே ஓனர்'. விளம்பரத்தில் அந்த ஒரு வரி மட்டும் பொய் இல்லை! இனி வாரிசுச் சான்று, பிள்ளைகள் கையெழுத்து, வங்கிக் கடிதம் என்று நான் அலைய வேண்டும். அந்த ஆத்தா மோர் கொடுத்தது. அந்த வண்டியில்தான் தன் மகளைச் சீரோடு அனுப்பினோம் என்றது. நான் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

இன்றைக்கு நாலு நாள் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த வண்டியை மெக்கானிக் திறந்தார். மேலே சொன்ன தண்ணீர் அதுதான், கனம் என்பதால் அடியில் தங்கிவிடுமாம். யார்டில் நான் பார்த்த தேன் நிற ஆயில் முந்தின நாள் ஊற்றியது, கலங்க நேரமே இருந்திருக்காது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் வெடிப்பு. ரேடியேட்டர் அடியில் மஞ்சளாகச் சேறு, விரலால் எடுத்து மோந்து பார்த்தார், மஞ்சள் தூள். ஒழுகலை அடைக்கப் போடுகிற வேலைதான் அது, கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அவர் அள்ளியதைப் பார்த்தால் ஊர்ப் பொங்கலுக்கே குழம்பு வைக்கலாம். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் புதுப் பெயின்டை நகத்தால் சுரண்டினார், ஓட்டை அடைக்கும் எம்-சீல் உரிந்து வந்தது. எஞ்சின் வேலைக்கு மட்டும் 70,000 சொல்கிறார், லிஃப்ட் தனி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைச் சாமான் வாங்கினால்கூட, இதன் கைப்பிடி ஒட்டுப் போட்டது என்று கடைக்காரர் அவராகவே காட்டித்தான் கொடுப்பார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், தலை வலிக்கிறது, நினைவு வருவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போங்கள், போனதும் சைலன்சர் அடியில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறும்வரை அங்கேயே உட்காருங்கள். ரேடியேட்டர் மூடியையும் ஆயில் மூடியையும் நீங்களே திறங்கள், புது ஆயில் என்றால் சந்தோஷப்படாதீர்கள். கலப்பையோ கல்மூட்டையோ மாட்டி அரை மணி நேரம் ஓட்டியபின் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று. சேசிஸ் நம்பரில் பெயின்டைச் சுரண்டி ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கிற ஆளை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கியர், கிளட்ச், பிரேக் எல்லாம் மெக்கானிக் பார்ப்பார், அவரைக் கூட்டிப் போங்கள், அவ்வளவுதான்.

சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தொகை போட்ட பில் எங்கே என்று வக்கீல் கேட்கிறார், போனில் அனுப்பிய 25,000-க்கு மட்டும்தான் சாட்சி இருக்கிறது. மிச்சம் 1,60,000-க்கு அவர் நெற்றித் திருநீறுதான் சாட்சி.

வண்டி புளியமரத்தடியில் ஹெட் இல்லாமல் நிற்கிறது, மழை தூறினால் மூட தார்ப்பாய் தேட வேண்டும். உழவுக்கு நாளைக் காலை ஆறு மணிக்குப் பக்கத்து ஊர்க்காரர் வண்டி வருகிறது, மணிக்கு 1,200.