"பாஸ்வேர்டை எடுத்துட்டு அனுப்புங்க" என்று கேட்கும் கன்சல்டன்சிகளிடம் ஜாக்கிரதை

ஓசூர் சிப்காட்டில் பல கம்பெனிகள் நேரடியாக ஆள் எடுப்பதில்லை. நடுவில் ஒரு கன்சல்டன்சி இருக்கும். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பிள்ளைகளின் ஆதார், பான், பாஸ்புக், மார்க்‌ஷீட் எல்லாம் முதலில் போய்ச் சேருவது அவர்களிடம்தான். அப்படி ஒரு இடத்தில் என் தங்கச்சி பட்ட பாட்டை எழுதுகிறேன். வேலை தேடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் படிக்கச் சொல்லுங்கள்.

பி.எஸ்சி கெமிஸ்ட்ரி முடித்தவள். குவாலிட்டி லேபில் ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. திறந்தால், "உங்கள் ஆவணங்கள் 256 பிட் என்கிரிப்ஷனில் பாதுகாப்பாக உள்ளன" என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். என்கிரிப்ஷன் என்றால், சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி ஃபைலை மாற்றி வைப்பது. இ-ஆதாரை ஏற்றினாள், எடுக்கவில்லை. இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டோடுதான் வரும்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, கூடவே பிறந்த வருடம். ஆபீஸுக்குப் போன் போட்டால், "பாஸ்வேர்டை எடுத்துட்டு அனுப்பும்மா, பூட்டு போட்ட ஃபைலை எங்க சாஃப்ட்வேர் எடுக்காது" என்றார்கள். ஆவணத்தைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லும் சாஃப்ட்வேர், பாதுகாத்து வரும் ஃபைலைத் திருப்பி அனுப்புகிறது. வேறு வழியில்லாமல் எடுத்துவிட்டு அனுப்பினாள். (அந்த பாஸ்வேர்டும் பெரிய கோட்டை இல்லை. பெயரும் பிறந்த வருடமும் ரெஸ்யூமிலேயே இருக்கிறது.)

வேலை வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து காரிமங்கலத்திலிருந்து ஒரு பையன் அவளுக்குப் போன் செய்தான். "அக்கா, ஆஃபர் லெட்டர்னு எனக்கு ஒரு லிங்க் அனுப்பினாங்க. திறந்தா உங்க பாஸ்புக் வருது. ரெஸ்யூம்ல இருந்த நம்பருக்குத்தான் கூப்பிடறேன்." நல்ல பிள்ளை. ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினான். கணக்கு எண், ஆதாரின் 12 இலக்கம், பான், வீட்டு முகவரி, போட்டோ எல்லாம் ஒரே பக்கத்தில். அந்த லிங்க்கை அம்மாவின் போனில் திறந்து பார்த்தேன். லாகின் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை, நேராகத் திறந்தது. ஃபைலின் பெயரே அவள் பெயரும் போன் நம்பரும்தான்.

நான் பெங்களூரில் சர்வர் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். அவர்கள் போட்டிருந்த 256 பிட் சமாச்சாரம் உண்மையாகவே இருக்கலாம். பிரவுசரில் தெரியும் பூட்டு, நம் போனிலிருந்து சர்வர் போய்ச் சேரும் வழிக்கு மட்டும்தான். சர்வரின் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால், யாராவது டிஸ்க்கையே தூக்கிக்கொண்டு போனால்தான் அது உதவும். லிங்க்கோடு வருகிறவனுக்கு சர்வரே பூட்டைத் திறந்து ஃபைலைக் கொடுத்துவிடுகிறது. கேட்கிறவர் யார், இந்த ஃபைலைப் பார்க்க அவருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை ஒவ்வொரு ஃபைலுக்கும் இருக்க வேண்டும். லிங்க் தானாகக் காலாவதியாக வேண்டும். என்கிரிப்ஷனைத் திறக்கும் சாவி ஃபைல்களோடு ஒரே இடத்தில் கிடக்கக் கூடாது. யார் எப்போது திறந்தார்கள் என்று பதிவாக வேண்டும். இதில் முதல் சோதனையே அங்கே இல்லை.

ஆபீஸில் பேசினேன்.

"சார், பேங்க்ல யூஸ் பண்ற அதே என்கிரிப்ஷன் சார்."

"சரி, சாவி யார்கிட்ட இருக்கு?"

"எந்தச் சாவி சார், ஆபீஸ் சாவியா?"

அழித்துவிடுங்கள் என்றதற்கு, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மெயில் போடச் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த முகவரிக்குப் போட்ட மெயில் திரும்பி வந்துவிட்டது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் விதிகள் வந்தது 2025 நவம்பரில். முக்கியமான பொறுப்புகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சட்டத்தைச் சொன்னதும் அந்த ஆள் பயப்படாததற்குக் காரணம் அதுவா, கேள்விப்பட்டதே இல்லையா, தெரியவில்லை.

அன்றைக்கே ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) லாக் செய்தோம். ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்று அதே தளத்தில் பார்த்தோம், சந்தேகமாக எதுவும் இல்லை. நம் பெயரில் உள்ள சிம்களைக் காட்டும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவள் பெயரில் எங்களுக்குத் தெரியாத ஒரு சிம் இருந்தது. என்னுடையது இல்லை என்று புகார் கொடுத்தாயிற்று. அந்த சிம் இவர்களால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பான் வெளியே போனதால் அவள் பெயரில் யாரும் லோன் எடுக்கவில்லையா என்று கிரெடிட் ரிப்போர்ட்டும் எடுத்துப் பார்த்தோம். வருடத்துக்கு ஒருமுறை அது இலவசம். பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

இன்டர்வியூவுக்கு முன்னால் ரெஸ்யூம் போதும். அடையாளம் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே இறக்கலாம். பாஸ்புக்கும் பானும் ஆஃபர் கைக்கு வந்த பிறகு, கம்பெனி ஹெச்.ஆரிடம். மெயிலில்தான் அனுப்ப வேண்டுமென்றால் பிடிஎஃப்புக்கு நீங்களே ஒரு பாஸ்வேர்ட் போட்டு, அதைப் போனில் சொல்லுங்கள். அதே மெயிலில் எழுதாதீர்கள்.

கன்சல்டன்சி பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம். நேற்று பார்த்தபோதும் அந்த லிங்க் திறந்தது. அந்த சர்வரில் இன்னும் எத்தனை பிள்ளைகளின் பாஸ்புக் இப்படிக் கிடக்கிறதோ. பெயரை வெளியே விட்டால் முதலில் போய்த் தோண்டுகிறவன் நல்லவனாக இருக்க மாட்டான். சைபர் கிரைம் புகாரில் பெயர், லிங்க் இரண்டையும் கொடுத்திருக்கிறோம்.