எங்கள் கொண்டோவின் நிர்வாக முகவர்: 3 நட்சத்திரம்

சிங்கப்பூரில் எங்கள் கொண்டோவை, அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பை, கவனித்துக்கொள்ளும் நிறுவனம் இது. மின்தூக்கி, நீச்சல் குளம், குப்பை எதிலும் குறையில்லை. வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில்தான் மனம் கசந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுபது வயது. பராமரிப்புக் கட்டணத்தில் சின்னப் பாக்கி. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே அதைக் கட்டியிருந்தால்தான் ஓட்டு. ஒரு ஃபோன் செய்திருந்தால் அன்றே கட்டியிருப்பார். வாசலில் "உங்களுக்கு ஓட்டு இல்லை" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கை தூக்கினால் வீட்டுக்கு ஒரு ஓட்டு. யாராவது வாக்குச்சீட்டு கேட்டால் பங்கு மதிப்புப்படி, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கின்படி, எண்ணுவார்கள். என் வீட்டுக்கு 6, மேல்மாடிப் பெரிய வீட்டுக்கு 8. இதை முகவர் பெண் புதிதாக வாங்கியவர்களுக்குச் சீட்டைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். அருமை.

எங்கள் கட்டடத்துக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. கட்டடம் முழுவதையும் சேர்த்து விற்கும் கூட்டு விற்பனைப் பேச்சு வந்தால் பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காட்டுச் சம்மதம் போதும். அப்போதும் அக்கா வாசலில் நிற்கக் கூடாது. அடுத்த வருடம் பாக்கி உள்ளவர்களை முன்கூட்டியே அழைத்துச் சொன்னால், நான்காவது நட்சத்திரமும் தருவேன்.