இரண்டு போல்ட் சீட் போஸ்ட்: குறைந்த விலையில் நல்ல பொருள்

எனக்குக் கால்கள் நீளம் என்பதால் சைக்கிளோடு வந்த சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கி, ஃபிரேமுக்குள் செருகியிருக்கும் குழாய்) போதவில்லை. மாற்றாக வாங்கியது 27.2 மி.மீ. விட்டம், 350 மி.மீ. நீளமுள்ள சாதாரண அலுமினிய போஸ்ட். பெரிய பிராண்ட் இல்லை, ஆனால் வேலை சுத்தம்.

சீட்டைப் பிடிக்கும் கிளாம்பில் முன்னும் பின்னும் ஒவ்வொரு போல்ட். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் சீட்டின் மூக்கு இம்மி இம்மியாக ஏறி இறங்குகிறது. பல் வைத்த ஒற்றை போல்ட் கிளாம்பில் நமக்கு வேண்டிய சாய்வு இரண்டு பல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்; அந்தத் தொல்லை இதில் இல்லை. இதற்காகவே வாங்கலாம்.

உயரக் கோடுகள்தான் மோசம், துடைத்தாலே அழிகின்றன. போஸ்ட் குறைந்தது எவ்வளவு ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும் என்று காட்டும் குறைந்தபட்சச் செருகல் கோட்டையாவது ஆழமாகப் பொறித்திருக்கிறார்கள். அது வெளியே தெரியும்படி ஏற்றாதீர்கள், ஃபிரேம் விரிசல் விடலாம். அப்புறம், பழைய போஸ்டில் பொறித்திருக்கும் விட்டத்தைப் பார்த்து அதையே வாங்குங்கள்; 0.2 மி.மீ. மாறினாலும் ஒத்துவராது.