வெள்ளவத்தையில் வாங்கிய கரி பில்டர்

காலி வீதிக் கடையொன்றில் வாங்கியது. குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை போய்விட்டது, தேத்தண்ணீர் ருசியாக இருக்கிறது. சரி, அதற்குப் புள்ளி கொடுக்கலாம். ஆனால் "உப்பையும் எடுக்கும் தம்பி" என்று கடைக்காரர் சொன்னது சும்மா கதை. கரைந்த உப்பைக் கரி பிடிக்காது, அதற்கு ஆர்.ஓ. (தண்ணீரை மிக நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் முறை) வேண்டும்.

கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து, அம்பத்தலையில் எடுப்பது. வரட்சியில் ஆறு மெலிந்தால் கடல்நீர் மேலேறும். மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனதால் அதற்கு இன்னும் வசதி. அதைத் தடுக்கத்தான் அங்கே உப்புத் தடுப்பணை. அணைக்கு மேலே, ஆறு வரும் வழியில் பியகமத் தொழிற்சாலைகள், மலைநாட்டுத் தோட்டத்து உரம், ஊர்க்கழிவு எல்லாம் இருக்கின்றன. இந்தப் பிளாஸ்டிக் குப்பியிடம் எவ்வளவுதான் எதிர்பார்ப்பது!

வாங்குவதென்றால் பில்டருக்குள் மாற்றிப் போடும் வடிசுருளின் விலையை முதலில் கேளுங்கள். மழைக்காலத்தில் சீக்கிரம் பழுப்பாகிவிடுகிறது.