மெல்லிய நேர்முடியில் தானாக வளர்ந்த சடைமுடி: மூன்றாம் வருடத்தில் எழுதுவது

மெல்லிய, நேரான முடி உள்ளவர்களுக்கு ட்ரெட்லாக்ஸ், அதாவது கயிறு கயிறாக இறுகிய சடைமுடி, வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வரும். மெழுகு தடவாமல், ஊசி போட்டுக் கோக்காமல், யாரிடமும் போய் நுனியிலிருந்து வேரை நோக்கிச் சீவிச் சிக்காக்கிக்கொள்ளாமல் வரும். என் தலையில் இருப்பது அப்படி வளர்ந்ததுதான், இப்போது மூன்றாவது வருடம் ஓடுகிறது. ஆனால் சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்படியே மறந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அப்படி விட்டால் பிடரியில் பலகை மாதிரி ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சிக்கு தன்பாட்டுக்கு விழும். எந்தச் சிக்கை வைத்துக்கொள்வது, எதைப் பிரிப்பது என்று வாராவாரம் பார்ப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் நான் செய்தது முக்கியமாக அதுதான்.

நேர்முடிக்கு ஏன் இவ்வளவு நாளாகிறது? சுருள்முடி ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து முடியைப் பிடித்துக்கொள்கிறது. நேர்முடிக்கு அந்தப் பிடிமானம் இல்லை. தலையில் ஊறும் எண்ணெய்ப் பசையும் வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் இறங்கி, இருக்கிற கொஞ்சநஞ்ச உரசலையும் வழுக்கலாக்கிவிடும். அதனால்தான் அழுக்குத் தலையில் சடை சீக்கிரம் விழும் என்பது நம் மாதிரி முடிக்குச் சுத்தமாகப் பொருந்தாது. கழுவிக் காய்ந்து மொரமொரப்பாக இருக்கும் முடிதான் சிக்குப் பிடிக்கும். மெல்லிய முடிக்கு ஒரு சாதகமும் உண்டு. லேசானது என்பதால் தலையணையில் உரசினாலே மடங்கிச் சுருண்டுகொள்ளும்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. யாருக்குமே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். சீவும்போது அது சீப்போடு போய்விடும். சீவாமல் விட்டால் உதிர்ந்த முடி வெளியே போகாமல் உள்ளேயே தங்கி, வளரும் முடியைச் சுற்றிக் கட்டும். திரிக்கு, அதாவது ஒவ்வொரு சடைக் கயிற்றுக்கும், உடம்பு வருவது பெரும்பாலும் இப்படித்தான். பிற்பாடு எப்போதாவது சிக்கெடுக்க உட்கார்ந்தால் கொத்துக் கொத்தாக முடி வருமே, அதில் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்ததுதான். வழுக்கை விழுகிறது என்று பயப்பட வேண்டாம்.

முதல் மூன்று நான்கு மாதம் சொல்லும்படி எதுவும் நடக்காது. பிடரியில்தான் முதலில் பிடிக்கும், தூங்கும்போது உரசுவது அங்கேதானே. உச்சந்தலை எல்லாவற்றுக்கும் கடைசி. ஆறாம் மாதத்தை ஒட்டிய காலம்தான் கடினம். பாதி முடி, பாதி சிக்கு, எந்தப் பக்கம் ஒதுக்கினாலும் அடங்காது. பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான், அது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கடந்துவிடுங்கள். ஒரு வருடம் ஆவதற்குமுன் கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் வருடம் வேறு கதை. இடது காதுக்குப் பின்னால் ஒரு திரி. தொட்டால் பஞ்சு போல உள்வாங்கும். ஒரு வாரம் அதன் நடுவில் முடி வளையமாகப் புடைத்து வெளியே வந்தது. கத்தரித்துவிடலாமா என்று தோன்றும், கத்தரிக்காதீர்கள். அடுத்த சில வாரங்களில் திரி அந்த இடத்தில் கோணலாக மடங்கியது, பிறகு வளையத்தையே உள்ளே இழுத்துக்கொண்டது. இப்போது விரலால் உருட்டினால் அங்கே கயிறு முடிச்சு மாதிரி ஒரு கெட்டியான இடம் இருக்கிறது. ஒவ்வொரு திரியும் இப்படி மடங்கி மடங்கித்தான் இறுகும். அதனால் நீளம் குறையும். தோளைத் தொட்ட முடி தாடைவரை ஏறிவிட்டது. தலைமுடி மாதம் ஏறக்குறைய 1 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் வளர்ந்தாலும், இறுகும் காலத்தில் அந்த வளர்ச்சி கண்ணுக்கே தெரியாது.

கழுவுவது வாரம் இரண்டு முறை. படிவு தங்காத சாதாரண ஷாம்பு போதும். நுரையை உச்சந்தலையில் விரல்நுனியால் தேய்த்து, திரிகள் வழியாக நீரை ஓடவிட்டு அலசுகிறேன். கண்டிஷனர் கூடாது, முடிமேல் படிந்து வழவழப்பாக்குவதே அதன் வேலை. மெழுகு அதைவிட மோசம். தண்ணீரில் கரையாது, உள்ளே இருந்துகொண்டு தூசியையும் பஞ்சையும் பிடித்து வைக்கும். சமையல் சோடாவைக் கரைத்து அலசினால் முடியின் செதில்கள் எழும்பி நல்ல பிடிமானம் வரும், உண்மைதான். ஆனால் அது காரத்தன்மை உள்ளது, மெல்லிய முடி அடிக்கடி தாங்காது, முறிய ஆரம்பிக்கும். எப்போதாவது ஒருமுறை என்றால் சரி. எனக்கு மிகவும் கைகொடுத்தது உப்புத் தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவுகூட வேண்டாம், அதைவிடக் குறைவாகக் கரைத்துத் தெளித்தாலே முடி சொரசொரப்பாகிவிடும். அடுத்த கழுவலில் அலசிவிடுங்கள், தங்கினால் அரிக்கும்.

காயவைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. வெளியே காய்ந்து, உள்ளே ஈரம் நின்றுவிட்டால் பூஞ்சை நாற்றம் பிடிக்கும், பிறகு போக்குவது பெரும்பாடு. நான் காலையில் மட்டுமே தலை குளிக்கிறேன். துண்டால் ஒவ்வொரு திரியையும் வேரிலிருந்து கீழ்நோக்கிப் பிழிகிறேன். மதியம் தடிமனான திரியை நடுவில் கிள்ளிப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பிரிக்கும் வேலையும் அன்றைக்கே, முடி முக்கால்வாசி காய்ந்தபின். அடி வேரில் விரலை விட்டுத் துழாவினால் இரண்டு திரிகளுக்கு நடுவே பாலம் போல முடி ஓடுவது தட்டுப்படும். இரண்டையும் அடியோடு பிடித்துக்கொண்டு மெதுவாக எதிரெதிராக இழுக்க வேண்டும். நறநறவென்று பிரியும், நாலைந்து முடி அறும், பரவாயில்லை. ஆனால் எல்லாவற்றையும் பிரித்துத் தள்ளாதீர்கள். மெல்லிய முடியில் ஒல்லித் திரிகள் நிலைக்காது. அவ்வளவு எடையும் சில வேர்களில் தொங்கும், அடியில் இற்றுப் போகும். சுண்டுவிரலைவிட ஒல்லியாகத் தெரிந்ததையெல்லாம் பக்கத்துத் திரியோடு சேர விட்டேன். அப்படிச் சேர்ந்தவைதான் இன்று என் தலையில் உறுதியானவை.

வேரை முறுக்குவது வேண்டவே வேண்டாம். நம் முடியில் வேர்ப்பக்கம் ஓரிரு அங்குலம் எப்போதும் இறுகாமல் நேராகத்தான் நிற்கும். அதைப் பார்த்துப் பதறி முறுக்கிக்கொண்டே இருந்தால் தொடர் இழுவையில் முடி உதிரும், நாள்பட்டால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காமலே போகலாம். க்ரோஷே ஊசியும் நான் பரிந்துரைக்க மாட்டேன், அதன் கொக்கி மெல்லிய இழைகளை அறுத்துவிடும். ஒரே அளவில் சீரான திரிகள் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. என் தலையில் தட்டை, உருண்டை, நுனியில் பிரிந்தது எல்லாமே உண்டு. முடி ஏற்கெனவே அடர்த்தி குறைந்து வருகிறதென்றால் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தலையணைக்குப் பஞ்சு உதிராத உறையாகப் போடுங்கள். கம்பளித் தொப்பி வேண்டாம், அதன் இழைகள் திரிக்குள் போனால் வெளியே வராது. மனம் மாறினால் முதல் ஒரு வருடத்துக்குள் கண்டிஷனரும் பொறுமையும் இருந்தால் சிக்கெடுத்துவிடலாம், அதற்குப் பிறகு பெரும்பாலும் கத்தரிதான். எனக்கு உச்சந்தலையில் இரண்டு திரிகள் இன்னும் தளர்வாகவே இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு வருடம் கொடுப்பதாக இருக்கிறேன்.