ஓக் அலமாரிக்கு ‘வொயிட் வாஷ்’: புதுச்சேரிக்காரர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் படிக்கவும்

மர அலமாரிக்கு வொயிட் வாஷ் பினிஷ், அதாவது ரேகை மறையாமல் மெல்லிசாக வெள்ளை ஏற்றும் வேலை, செய்து தருகிறேன் என்று யாராவது ஒரு சாம்பிள் பலகையோடு வந்தால், அந்தப் பலகையைப் பார்த்து மட்டும் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒயிட் டவுன் பக்கம் பழைய வீடுகளையெல்லாம் கஃபேயும் தங்கும் விடுதியுமாக மாற்றுகிறார்கள். அங்கே பார்த்துவிட்டு, ரேகை தெரியும்படி வெளுத்த மரம் வேண்டும் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தேக்கைத் தவிர வேறு மரத்தில் கை வைக்காதவர்களும் அந்த வேலையை ஒப்புக்கொள்கிறார்கள். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுக்கப் போவதால் அந்த வேலையைச் செய்தவரின் பெயரைப் போடவில்லை.

எங்கள் பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து முத்தியால்பேட்டையில் வீடு கட்டியபோது, ஓக் பலகைகளைக் கப்பலில் வரவழைத்து, உள்ளூர் ஆசாரியை வைத்தே சமையலறை அலமாரிகளைச் செய்தார். அவ்வளவும் திட மரம். வருஷக்கணக்கில் பாலிஷ் மேல் பாலிஷ் ஏறி, தேன் நிறம் போய்க் கருத்துவிட்டது. பெரியம்மாவுக்குக் கண் பார்வை குறைந்து வருகிறது. “கதவை மாத்திடாதீங்கம்மா, கொஞ்சம் வெளிச்சமா மட்டும் பண்ணுங்க” என்றார். அதற்காகத்தான் இந்த வேலையே.

வந்தவர் காட்டிய சாம்பிள் அழகாகத்தான் இருந்தது. ஒரே சீரான வெள்ளை, நடுவே மெல்லிய ரேகை. வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்றதற்கு, “இன்னொரு பார்ட்டிக்குக் காட்டணும்க்கா” என்று எடுத்துப்போய்விட்டார். அது ஓக்கே இல்லை, ஃபேக்டரியிலேயே வெள்ளை ஏற்றி வந்த வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய பிளைவுட் என்று பிறகுதான் தெரிந்தது. எழுபது சதவீதம் முன்பணம் வாங்கிக்கொண்டார். பில் கேட்டபோதெல்லாம் கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்றார்.

அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். பழைய பாலிஷை எடுக்க ரிமூவர் போடவே இல்லை. கதவின் முகத்தில் மட்டும் மிஷினை ஓட்டிவிட்டு, சட்டத்தின் விளிம்பிலும் மூலையிலும் இருந்த பாலிஷை அப்படியே விட்டுவிட்டார். ஓக் பெரிய பெரிய துளைகள் உள்ள மரம். வெறும் மரமாக இருக்கிற இடத்தில் வெள்ளை உள்ளே இறங்கும், பாலிஷ் இருக்கிற இடத்தில் மேலேயே நிற்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கதவு தேமல் பிடித்த மாதிரி ஆகிவிடும். எங்கள் கதவுகள் அப்படித்தான் ஆயின. போதாததற்கு வெள்ளையை ஒரே வாளியில் மொத்தமாகக் கலக்காமல், தீரத் தீர ஒரு மக்கில் கண் அளவில் கலந்தார். அதனால் ஜன்னல் பக்கத்துக் கதவுகள் ஒரு நிறம், அடுப்புப் பக்கத்துக் கதவுகள் வேறு நிறம்.

இதைவிட மோசமானது இரும்பு நார். துளையைத் திறக்கிறேன் என்று ஸ்டீல் வூல் போட்டுத் தேய்த்தார். ஓக்கில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகம். இரும்பும் ஈரமும் அதோடு சேர்ந்தால் கருத்துவிடும். துவர்ப்புள்ள கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்து நம் ஊரில் கறுப்பு மை காய்ச்சியது இதே முறையில்தான். நார் உடைந்து துளைக்குள் மாட்டிய ஒவ்வொரு துணுக்கும், தண்ணீர் கலந்த வெள்ளை பட்டதும் ஒரு கரும்புள்ளி ஆனது. மிளகுத்தூள் அளவு புள்ளிகள், கதவு முழுக்க. துடைத்தால் போகாது, அது மரத்துக்குள் இருக்கிறது.

கடைசியில் ஐப்பசி மழையில், சுவரே வியர்த்துக்கொண்டிருந்த நாளில், என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் என்ற மேல்பூச்சை ஸ்ப்ரே செய்தார். அதில் கலக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பூச்சு பால் ஊற்றியதுபோல் மங்கிவிடும். கேட்டால், “வெள்ளை மேலதானேக்கா, தெரியாது” என்றார். தெரிந்தது. சில வாரத்தில் டானின் கசிந்து வெள்ளைக்குள் மஞ்சள் கறையும் எழும்பியது. போன் செய்தபோது, “ஓக்னா அப்படித்தான்” என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

ஓக் அப்படியெல்லாம் இல்லை. இப்போது அரியாங்குப்பத்தில் இருந்து வரும் பெரியவர் ஒருவர் சரிசெய்துகொண்டிருக்கிறார். பேசும்போதே அவர் செய்தது, ஒரு கதவைக் கழற்றி அதன் உள்பக்கத்தில், பாலிஷ் உரிப்பதிலிருந்து மேல்பூச்சு வரை முழு வேலையும் முடித்துக் காட்டியது. காய்ந்து சில நாள் ஆன பிறகுதான் விலையே பேசினார். ரிமூவர் போட்டு மூலை முடுக்கெல்லாம் சுரண்டி, எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரி 120, பிறகு 150 நம்பர் உப்புத்தாள். அதைவிட நைஸாகத் தேய்த்தால் வெள்ளை பிடிக்காதாம். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழும்பிய மர நாரைக் காய்ந்ததும் லேசாகத் தேய்க்கிறார். துளையைத் திறக்கப் பித்தளைக் கம்பி பிரஷ், ரேகை போகிற திசையில் மட்டும். கறை எழும்பாமல் இருக்க மெழுகு நீக்கிய அரக்கை மெல்லிசாக ஒரு கோட்.

வெள்ளை போடும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. கதவை மேசையில் படுக்க வைத்தார், ஃபேனை நிறுத்தச் சொன்னார். நடுப்பலகை, பிறகு குறுக்குச் சட்டம், கடைசியில் நெட்டுச் சட்டம். துணியால் தடவி, காய்வதற்குள் வேறு துணியால் ரேகையோடு துடைத்து எடுத்துவிடுகிறார். ஒரு பாகத்தை முடிக்காமல் நடுவில் எழுந்திருக்க மாட்டார். பாதி காய்ந்ததன் மேல் மறுபடி தடவினால் கோடு விழுந்துவிடும். மேலே மஞ்சளாகாத வாட்டர் பேஸ்டு பியூ (பாலியூரிதேன்) பூச்சு, மழை விட்ட நாளாகப் பார்த்து. கரும்புள்ளிகளுக்கு ஆக்ஸாலிக் ஆசிட் போட்டதில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. ஆழமாக இறங்கியவை சில போகவில்லை.

ஆகவே உங்கள் கதவில் சாம்பிள் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். ஸ்டீல் வூல் உள்ளே வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள், போன் மெசேஜ்களையும் போட்டோக்களையும் அழிக்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 2 வருஷத்துக்குள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. எங்களிடம் பில் இல்லை. ஆனால் பணம் போனில் அனுப்பியதற்கான பதிவும், “ஓக்னா அப்படித்தான்” என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இருக்கின்றன. நோட்டீஸ் அனுப்பிவிட்டோம். என்ன பதில் வருகிறது என்று எழுதுகிறேன்.